கையெழுத்து அவளுடையது, முடிவு யாருடையது?

கருக்கலைப்பு என்று பேச்சு வந்தாலே "ஓர் உயிரைக் கொல்லலாமா?" என்று கிளம்பி வந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆளுக்குத் தகுந்த மாதிரி அதை மாற்றி மாற்றிக் கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

புதிதாகக் கல்யாணமான பெண், படிப்பு முடியட்டுமே என்று நினைத்தால், "தலைப்பிள்ளையைக் கலைக்கக் கூடாதும்மா, அப்புறம் தங்காது" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை புத்தி சொல்வார்கள். அதே வீட்டில் கல்யாணமாகாத பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால்? பையன் வேறு சாதி என்றால்? பாவ புண்ணியமெல்லாம் பரணில் ஏறிவிடும். இரவோடு இரவாக வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கார் போகும். அந்தக் குழந்தை அவளுக்கு வேண்டுமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வயிற்றில் இருப்பது மூன்றாவது பெண் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்கேனில் பார்த்துச் சொல்லக் கூடாது என்று 1994-லேயே சட்டம் வந்தும், காதோடு காதாகச் சொல்ல ஆள் இருக்கத்தான் செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாதவர்களை இதிலிருந்து ஒதுக்க முடியாது என்று சொன்னதோடு, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடுவதையும் கண்டித்தது.

சரி, நடப்பது என்ன? தோழி ஒருத்தியோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இரண்டு பிள்ளைகள், காப்பர்-டி போட்டும் கர்ப்பம். படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். போட்டாள். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "சார் வரலையா? அவரும் போடணும்" என்றார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கணவர் ஓடி வந்து, அவள் பெயருக்குக் கீழே இருந்த இடுக்கில் நெருக்கிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர், மறுப்பே சொல்லவில்லை. மறுத்திருந்தால்?

2023-இல் 26 வாரக் கர்ப்பிணி ஒருவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர். நீதிபதிகளே இரண்டுபட்டார்கள், கடைசியில் அனுமதி கிடைக்கவில்லை. 26 வாரம் என்றதும் எனக்கும் மனசு தயங்கியது, உண்மை. ஆனால் அந்தத் தயக்கத்தோடு நான் தூங்கப் போய்விடலாம், சுமப்பவர் அவர்தானே.

இதனால் நான் கலைப்பதற்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வீடே திரண்டு "கலைத்துவிடு" என்று நிற்கும்போது, "பெற்றுக்கொள்வேன்" என்று ஒருத்தி சொன்னால் அவள் பக்கமும் நான்தான் நிற்பேன். பிறகு பால் டப்பாவுக்கும் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் அவளோடு யார் போவது? உயிரைப் பற்றி உருகுகிறவர்கள் அப்போதும் வந்தால் அவர்களோடு பேச எனக்கு விஷயம் நிறைய இருக்கிறது.