அன்பானும் கசுத்தேராவும் நகல்கள் அல்ல
ஜப்பானில் மோச்சி போன்ற அரிசி இனிப்புகளைத் தேடினால் போதும், அங்குள்ள ரொட்டியும் கேக்கும் மேலைநாட்டு நகல்களே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. டோக்கியோவின் கிமுராயா கடையினர் 1874-இல் அறிமுகப்படுத்திய அன்பான் என்னும் பன், அரிசி மதுவுக்கான நொதியைக் கொண்டு மாவைப் புளிக்கவைத்து, உள்ளே இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்துச் சுடப்படுவது. மறு ஆண்டு பேரரசர் மெய்ஜிக்கு அதை அளித்தபோது நடுக்குழியில் உப்பிலிட்ட செர்ரிப் பூவைப் பதித்தார்கள், அந்த வகை இன்றும் கிடைக்கிறது. பூவின் உப்பும் பூரணத்தின் இனிப்பும் ஒருசேர நாவில் படும் அந்தச் சுவையை வேறெந்த நாட்டு பன்னிலும் நான் கண்டதில்லை. நாகசாகியின் கசுத்தேரா என்னும் கேக் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்தது உண்மைதான், ஆனால் வெண்ணெய் சேராத அதன் மென்மையும், அடியில் நறநறக்கும் சர்க்கரைப் பரலும் ஜப்பானியக் கைப்பக்குவமே. ஹிரோஷிமா பக்கம் செல்வோர், மியாஜிமா தீவில் மொமிஜி மஞ்சு என்னும் மேப்பிள் இலை வடிவப் பூரணக் கேக்கை அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு அவசியம் உண்டு பார்க்க வேண்டும்.