வெள்ளிப் பட்டன் வந்தால் மாதச் சம்பளமா?

‘யூடியூபில் 1 லட்சம் சந்தாதாரர் சேர்ந்தால் வெள்ளிப் பட்டனோடு மாதச் சம்பளமும் வரும், வேலையை விட்டுவிட்டுக் காமெடி வீடியோ போடலாம்’ என்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தப்புங்க.

பட்டன் என்பது யூடியூப் அனுப்பும் வெறும் பாராட்டு விருது. யூடியூப் தருவது விளம்பர வருமானத்தில் பங்கு, சம்பளம் அல்ல. அந்தப் பங்குக்கு 1,000 சந்தாதாரரே போதும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரமாவது மக்கள் பார்த்திருக்க வேண்டும் (ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோவுக்குக் கணக்கு வேறு). நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் நமக்கு. நம்மூர் விசைத்தறிக் கூலி மாதிரிதான்: ஓடின மீட்டருக்குத்தான் காசு.

பாட்காஸ்ட் என்கிற கேட்கும் நிகழ்ச்சியில் காசு வருமா? பெரும்பாலும் நடுவில் விளம்பரம் வாசித்தால் உண்டு. அதிலும் எடிட்டருக்குக் கொடுத்தது போகத்தான் கைக்கு வரும்.