நினைப்பு வந்தால் தியானம் வீணாகிவிடாது

அண்ணே, ‘தியானத்தில் ஒரு நினைப்பு வந்தாலும் அன்றைய பலன் போச்சு, கீதையே அப்படித்தான் சொல்கிறது’ என்று மேலே போட்டிருக்கிறீர்கள். அதைப் பலரும் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்: கீதையில் இருப்பது வேறு. 6ஆம் அத்தியாயம் 26ஆம் சுலோகத்தைப் பாருங்கள். நிலையில்லாத மனம் எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கேயிருந்து திருப்பிக் கொண்டுவந்து ஆன்மாவில் நிறுத்தச் சொல்கிறது. மனம் ஓடும் என்பதை வைத்துத்தான் அந்தச் சுலோகமே. 35ஆம் சுலோகத்தில் கண்ணனும் மனத்தை அடக்குவது கடினம் என்று ஒத்துக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் வசப்படும் என்கிறான். பூஜை அறையில் பதவுரையோடு எந்தப் பதிப்பு இருந்தாலும் சரி, பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்தும் பார்க்கலாம். விடியற்காலையில், சாப்பிடும் முன், வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூண் ஓரமாகத் தடுக்குப் போட்டு முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். வெளிமூச்சை 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறியது தெரிந்ததும், சலித்துக்கொள்ளாமல் மறுபடி 1. பத்து நிமிடம் போதும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. நினைப்பே வரக்கூடாது என்று முட்டினால் புருவமும் தாடையும் இறுகி, தலைதான் கனக்கும். ‘நமக்கு வரலை’ என்று நல்ல ஆர்வமுள்ளவர்கள் பாதியில் விடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணே.