பாட்டி கையில் கொடுங்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் நன்கொடை கேட்டு, சில பிள்ளைகளின் படத்தோடு ஒரு செய்தி அனுப்பினார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி கட்டப்போகிறார்களாம். அவருடைய நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெருவில் நிற்கவில்லை. பாட்டி வீட்டில், சித்தி வீட்டில், மாமா வீட்டில் வளர்கிறார்கள். ஐ.நா. கணக்கில் அம்மா, அப்பா இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அநாதைதான். அதாவது பலருக்குப் பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவிலும் அதன் பக்கத்து நாடான எஸ்வாத்தினியிலும் பாட்டியைக் கோகோ என்று கூப்பிடுவார்கள். மகளையும் மகனையும் மண்ணில் வைத்துவிட்டு, தள்ளாத வயதில் பேரப்பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த கோகோக்கள் எத்தனை பேர்! மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் அப்போது ஒருவருக்கு ஓர் ஆண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறோம் என்று முன்வந்தது. அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளில் நடுத்தலைமுறையே போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சரி, அந்தக் கோகோவுக்கு என்ன வேண்டும்? மாசாமாசம் கையில் கொஞ்சம் காசு. சாம்பியாவின் கலோமோ மாவட்டத்திலும் கென்யாவிலும் 2004இல் இதைத் தொடங்கினார்கள். 2006இல் மலாவியின் மச்சிஞ்சி மாவட்டத்திலும் வந்தது. காசைக் கொடுத்தால் வீணடித்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்தக் காசு சாப்பாட்டுக்கும் பள்ளிச் சீருடைக்கும் போனது. சிலர் ஆடு, கோழி வாங்கினார்கள். கென்யாவில் இப்படிப் பணம் பெற்ற வீடுகளின் இளம்பிள்ளைகள் பாலுறவைத் தொடங்கும் வயதே தள்ளிப்போனது. எச்ஐவி அடுத்த தலைமுறையைத் தொடாமல் இருக்க இதைவிட வேறென்ன வேண்டும்? விடுதியில் ஒரு பிள்ளையை வளர்க்க ஆகும் செலவோ இதைவிடப் பல மடங்கு.

பணம் மட்டும் போதாது, ஒதுக்காமல் ஏற்றுக்கொள்ளும் மனசும் வேண்டும் என்பதும் உண்மை. பிறக்கும்போதே எச்ஐவியோடு பிறந்தவன் ங்கோசி ஜான்சன். 1997இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பள்ளி அவனைச் சேர்க்கத் தயங்கியது. 2000இல் டர்பன் நகரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டு மேடையில் 11 வயதுப் பையனாக நின்று, எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள், நாங்களும் மனிதர்கள்தான் என்று உலகத்திடம் கேட்டான். அடுத்த ஆண்டே இறந்துபோனான். அவன் பெயரில் நடக்கும் இல்லத்தில் எச்ஐவி உள்ள தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கலாம். ஒரு விடுதி வேண்டுமென்றால் அப்படி இருக்கட்டும், நானும் கொடுக்கிறேன்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளைத் திடீரென்று நிறுத்திவைத்தது. எய்ட்ஸுக்கான அந்த நாட்டின் நிதியில் பத்தில் ஒரு பங்கு இந்தப் பிள்ளைகளுக்கென்றே சட்டப்படி ஒதுக்கப்பட்டது. அதனால் இப்போது தனிமனிதர்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும்.

நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டி இருக்கிறார்களா? விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.