சங்கமன்கண்டிக் கப்பலுக்குத் தண்டப்பணம் மட்டும்தானா?

2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சங்கமன்கண்டிக்குக் கிழக்கே தீப்பிடித்த நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பலுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாய்தான் சட்டப்படி அறவிடலாம், அதனால் எங்கள் சட்டத்துக்கு எந்தக் கப்பலும் பயப்படாது என்று மேலே ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். தொகை சரி. 'அவ்வளவுதான்' என்பது சரியில்லை.

அது கொழும்பு மேல் நீதிமன்றம் கப்டனுக்கு விதித்த குற்றவியல் தண்டம். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க கடல் மாசு தடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் அதற்கு எல்லை உண்டு: 40 இலட்சம் முதல் 1 கோடி 50 இலட்சம் வரை. 2,70,000 தொன் மசகெண்ணெய் ஏற்றிய கப்பலுக்கு இது சில்லறைக் காசு, அதை நானும் மறுக்கவில்லை.

ஆனால் துப்புரவுச் செலவும் நட்டஈடும் 34ஆம் பிரிவின் கீழ் வரும் குடியியல் பொறுப்பு. அது கப்டனின் தண்டத்தோடு முடிவதில்லை. தீயணைப்புச் செலவுக்கு மட்டுமே சட்டமா அதிபர் உரிமையாளரிடம் 34 கோடி ரூபாய் கோரினார். கப்பல் கம்பனியும் காப்புறுதிக்காரரும் கணக்குப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

சரிபார்க்க, சட்டத்தின் தமிழ்ப் பிரதியில் 26ஐயும் 34ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பிறகு அக்காலப் பத்திரிகைச் செய்திகளில் 'தண்டம்', 'கோரிக்கை' என்ற இரண்டு தொகைகளையும் தனித்தனியே தேடுங்கள். பல செய்திகள் தலைப்பில் தண்டத்தை மட்டும் போட்டதால்தான் இந்தக் குழப்பம்.

இப்படியான நட்டஈட்டுக் கோரிக்கை சறுக்குவது, எண்ணெய் எந்தக் கப்பலுடையது என்று காட்டும் சான்றில். பொத்துவில், திருக்கோவில் கரையில் தார் உருண்டை ஒதுங்கினால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், அதன் இரசாயனம் எண்ணெயோடு கலந்துவிடும். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் இட்டு, நேரமும் இடமும் எழுதி, வெயில் படாமல் வைத்து அதிகாரிகளிடம் கையளியுங்கள்.