லண்டன்–மாட்ரிட்: போக, வர ஏறக்குறைய ஒரே நேரம்தான்

"லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மாட்ரிட் போக மூன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரைதான், எல்லாம் காற்றின் வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காற்று பாவம், அதை விட்டுவிடுங்கள். டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். மாட்ரிட் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பி மதியம் 1.30-க்கு இறங்கினால், பயணம் இரண்டரை மணி நேரம். திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் குறைந்து தெரியும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், மாட்ரிட் லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. சூரியனைப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியவை. 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அது அப்படியே நிலைத்துவிட்டது.

காற்று வாதம் லண்டன்–நியூயார்க் தடத்துக்குச் சரி. உயரத்தில் வீசும் ஜெட் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. மாட்ரிட் தடமோ ஏறத்தாழ வடக்கு–தெற்கு. வித்தியாசம் வந்தாலும் சில நிமிடங்கள்தான்.

அப்புறம், இரு ஊர்களுக்கும் இடையே 1,700 கி.மீ. தூரம் என்ற கணக்கு சாலை வழியானது. வான்வழியில் சுமார் 1,250 கி.மீ.