பழைய லென்ஸ் மாட்டினால் ஐபிஐஎஸ் (கேமராவுக்குள்ளேயே இருக்கும் நடுக்கத் திருத்தம்) வேலை செய்யாதா?

"மேனுவல் லென்ஸுக்காக மிரர்லெஸ் கேமரா வாங்குகிறீர்களா? ஐபிஐஎஸ் உள்ள கேமரா பாடிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அது வேலையே செய்யாது" என்று புதுச்சேரி போட்டோ நண்பர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கை நடுக்கத்தை உணர்வது பாடிக்குள் இருக்கும் ஜைரோ என்ற அசைவுமானி. அதற்கேற்ப, படத்தைப் பதியும் சென்சாரை அசைப்பதும் பாடிதான். லென்ஸிடமிருந்து முக்கியமாக வேண்டியது குவியத் தூரம் (50 மி.மீ. போன்ற எண்). மின் தொடர்பு இல்லாத லென்ஸ் அதைச் சொல்லாது, மெனுவில் நாம்தான் சொல்ல வேண்டும். ஐபிஐஎஸ் உள்ள சோனி, நிக்கான் இசட், ஃபியூஜி பாடிகளில் இதற்கு வழி உண்டு. 50 மி.மீ. லென்ஸ் என்றால் 50தான். சென்சார் சிறிய ஏபிஎஸ்-சி பாடியாயிற்றே, 1.5ஆல் பெருக்குவோம் என்று 75 போட்டால் கேமரா அளவுக்கு மீறித் திருத்தி, படம் கலங்கும். லென்ஸை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறப்பதும் உண்டு (நானும்தான்).

வதந்தியில் துளி உண்மை இருக்கிறது. இப்படிப்பட்ட லென்ஸ் மாட்டினால் சோனியில் திருத்தத்தின் ஐந்து அச்சுகளில் (அசைவு வகைகளில்) மூன்றுதான் இயங்கும். மற்ற இரண்டு, அதாவது கேமரா மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்வதைத் திருத்த ஃபோகஸ் தூரமும் (எடுக்கும் பொருள் எவ்வளவு தொலைவில் என்பதும்) தெரிய வேண்டுமே! க்ளோசப்பில் அந்தக் குறை தெரியும். அந்தி நேரத்தில் கடற்கரைச் சாலையில் நின்று பழைய கலங்கரை விளக்கத்தை எடுப்பவருக்குத் தெரியாது.

அப்புறம், ஷட்டர் விழவில்லை என்றால் பாடி பழுதில்லை. மின் தொடர்பு இல்லாததால் லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பு சோனி, ஃபியூஜி மெனுவில் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.